கஞ்சமலை இரும்பும் மடக்குக் கத்தியும்

தாத்தாவின் பெட்டியிலிருந்து எடுத்த மடக்குக் கத்தி என்ன எஃகு என்று தெரிய வேண்டுமானால், முதலில் ஒரு மாங்காயை நறுக்கிப் பாருங்கள். வாழைக்காய், எலுமிச்சம்பழம் எதுவானாலும் சரிதான். துடைக்காமல் சிறிது நேரம் விட்டு, அலகு சாம்பலும் நீலமுமாகக் கறுத்தால் அது கார்பன் எஃகு. பளபளப்பு குலையாவிட்டால் குரோமியம் கலந்தது; நம் வீட்டு மொழியில் எவர்சில்வர் வகை. கறுத்த கத்தியை மட்டம் என்று ஒதுக்குகிறவர்கள் நிறைய. என்னைக் கேட்டால், சாணைக்குச் சீக்கிரம் வசப்பட்டு நல்ல கூர் பிடிப்பது அதுதான்.

அடுத்து, அலகு பிடிக்குள் திரும்பும் அடிப்பகுதியில் உள்ள முத்திரையைப் படிக்க வேண்டும். சேலம், நாமக்கல் வீடுகளில் கிடக்கும் பழைய பேனாக்கத்திகளில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு, ஜெர்மனியின் சோலிங்கன் என்ற ஊர்ப் பெயர்களைக் காணலாம். நட்சத்திரமும் சிலுவையும் சேர்ந்திருந்தால் அது ஜோசப் ரோட்ஜர்ஸ் கம்பெனியின் கத்தி. ‘ரோஸ்ட்ஃப்ரை’, ‘இனாக்ஸ்’ என்றிருந்தால் துருப்பிடிக்காதது. ‘ஸ்டெயின்லெஸ்’ என்ற சொல் இருந்தால், கத்தி 1913க்கு முந்தியதாக இருக்க முடியாது. ஹாரி பிரியர்லி ஷெஃபீல்டில் அந்த எஃகை உருக்கிய ஆண்டு அது. ‘மேற்கு ஜெர்மனி’ என்றால் 1949க்கும் 1990க்கும் இடைப்பட்டது. ஆனால் பின்புற ஸ்பிரிங்கில் துரு இருப்பதைப் பார்த்து அலகைத் தீர்மானிக்கக் கூடாது. அலகு எவர்சில்வராகவும் ஸ்பிரிங் கார்பன் எஃகாகவும் செய்த கத்திகள் ஏராளம்.

இன்னும் பழைய அலகுகளில் ‘காஸ்ட் ஸ்டீல்’ என்றிருக்கும். மூசையில் உருக்கி வார்த்த எஃகு என்பது பொருள். பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் 1740களில் ஷெஃபீல்டில் தொடங்கிவைத்த முறை அது. அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே நம் சேலம், நாமக்கல் சமவெளியில் மூசை எஃகு உண்டு.

1800இல் இந்தப் பக்கம் பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன் அதை எழுதிவைத்தார். பிறகு ஜோசையா மார்ஷல் ஹீத்தும் எழுதினார். இரும்பைத் துண்டாக்கி, ஆவாரங்குச்சிகளோடு சிறு களிமண் மூசையில் இடுவார்கள். மேலே எருக்கிலை வைத்து, வாயைக் களிமண்ணால் அடைப்பார்கள். இருபது, இருபத்துநான்கு மூசைகளை ஓர் உலையில் அடுக்கி, துருத்தியால் இரண்டரை மணி நேரம் ஊதினால் உள்ளே எஃகு கட்டியாகிவிடும். காற்றுப் புகாத மூசைக்குள் குச்சியும் இலையும் கரியாகி, அந்தக் கரி இரும்பில் ஏறுவதுதான் சூட்சுமம். ஏரிக்கரையிலும் ரோட்டோரத்திலும் சீந்துவாரில்லாமல் நிற்கும் அதே ஆவாரையும் எருக்கும்தான்.

உக்கு எனப்படும் இந்த வகை எஃகு பம்பாயிலிருந்து டாக்டர் ஹெலனஸ் ஸ்காட் வழியாக லண்டனுக்குப் போனது. ஸ்டோடார்ட் என்ற கத்திக்காரர் அதை அடித்துப் பேனாக்கத்தி செய்தார். ஜார்ஜ் பியர்சன் 1795இல் ராயல் சொசைட்டியில் அதைப் பற்றி எழுதினார். பின்னாளில் அதே ஸ்டோடார்ட்டோடு சேர்ந்துதான் மைக்கேல் ஃபாரடே எஃகுக் கலவைகளை ஆராய்ந்தார்.

ஹீத் கதை வேறு. கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தை விட்டுவிட்டு, சேலத்து இரும்புக்கல்லை நம்பிப் பரங்கிப்பேட்டையில் ஆலை வைத்தார். ஆலை அவரை வாழவைக்கவில்லை. இங்கிலாந்து திரும்பி, மூசை எஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839இல் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டில் எஃகு விலை இறங்கியது. உற்பத்தியாளர்கள் முறையைச் சற்று மாற்றிக்கொண்டு அவருக்குப் பணம் தராமல் தப்பித்தார்கள். 1855இல் பிரபுக்கள் சபை வழக்கை அவருக்கு எதிராக முடித்தபோது அவர் உயிரோடு இல்லை. ஆக, 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சேலம் கடைத்தெருவுக்கு வந்த ஷெஃபீல்டு கத்திக்குப் பின்னால், சேலத்து இரும்பில் கைப்பொருளை இழந்த ஒருவர் இருந்தார்.

இன்று சேலத்துக்கு எஃகு என்றால் இரும்பாலை. கஞ்சமலையின் அடிவாரப் பக்கத்திலேயே நிற்கிறது. ஆனால் மலையின் இரும்புக்கல்லுக்கும் ஆலைக்கும் சம்பந்தமில்லை. 1980களின் தொடக்கத்தில், வெளியிலிருந்து வந்த எஃகை மெல்லிய தகடாக உருட்டத் தொடங்கியது. சொந்தமாக உருக்குவது 2010இல்தான் வந்தது. ‘சேலம் ஸ்டெயின்லெஸ்’ வீடு வீடாகப் பாத்திரமாகப் புகுந்தபின், எவர்சில்வரைக் காந்தம் வைத்துச் சோதிக்கும் பழக்கமும் கூடவே வந்தது. காந்தம் ஒட்டினால் போலி என்பார்கள். கத்தி விஷயத்தில் இது சுத்தமாகத் தப்பு. பாத்திரத்துக்கான 304 ரகத்தில் நிக்கல் இருப்பதால் காந்தம் ஒட்டாது. அதைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் நனைத்தாலும் கடினமாகாது, கூரும் நிற்காது. கத்தி அலகுக்கு வேண்டியது 12, 13 சதவீதக் குரோமியமும் பதம் ஏறுமளவு கார்பனும். அதில் காந்தம் நன்றாக ஒட்டும்.

சாணைக் கல்லில் பொறியைப் பார்த்துச் சொல்பவர்கள் உண்டு. கார்பன் கூடக்கூடப் பொறி நட்சத்திரமாகக் கிளைவிடும். எவர்சில்வரில் குறைவாக, குட்டையாக வரும். பழைய கத்தியில் இதைச் செய்து அலகைக் கெடுத்துவிடாதீர்கள். பழைய இரும்பு வியாபாரத்தில் இப்போது துப்பாக்கி வடிவ எக்ஸ்ரே கருவி வந்துவிட்டது. குரோமியம், நிக்கல் சதவீதத்தைச் சில வினாடிகளில் காட்டும். கார்பனைக் காட்டாது, ஆகவே இரண்டு பழைய கார்பன் எஃகுக் கத்திகளுக்குள் வித்தியாசம் கேட்டால் அது கையை விரித்துவிடும். அதற்கு அலகின் ஓரத்தைப் பொசுக்கிப் பார்க்கும் ஆய்வகம் வேண்டும்.

நாமக்கல் பக்கத்துக் கொல்லுப்பட்டறைகளில் என்ன எஃகு என்ற கேள்வியே எழாது. லாரி பெருத்த ஊர். ஓடித் தேய்ந்த லாரிப் பட்டைதான் அரிவாளுக்கும் வெட்டுக்கத்திக்கும் கச்சாப் பொருள். சுமை தாங்கி வளைந்து நிமிர்வதற்கென்றே செய்த ஸ்பிரிங் எஃகு என்பதால், அதில் பதம் கச்சிதமாக நிற்கும். முத்திரை ஏதும் கிடையாது. வாங்க வருகிறவர் கேட்பது ஒன்றுதான்: பட்டையில் அடித்ததா, தகட்டில் வெட்டியதா?