பால் கட்டிக்கொண்டால் என்ன செய்வது?

பிள்ளை பெற்ற தாய் வீடு திரும்பும் நாளும் மார்பில் பால் கட்டும் நாளும் பெரும்பாலும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. மகப்பேற்றுக்குப் பின் 3 முதல் 5 நாள்களுக்குள் மார்பு கனத்து, கல்லைப் போல இறுகி, தொட்டாலே வலிக்கிறது. கள்ளக்குறிச்சி நகரில் குடியிருப்பவர் உடனே மருத்துவமனைக்கு வந்துவிடலாம். கல்வராயன் மலையில் வெள்ளிமலையையும் சேராப்பட்டையும் தாண்டிய சிற்றூர்களுக்குப் பச்சை உடம்போடு திரும்பியவருக்கு அது எளிதன்று. ஆகவே, வீட்டில் செய்யவேண்டியவற்றையும் செய்யக்கூடாதவற்றையும் தாயும் அவரைப் பார்த்துக்கொள்பவர்களும் முன்கூட்டியே அறிந்திருப்பது நலம்.

ஏன் கட்டுகிறது?

முதலிரண்டு நாள்களில் சீம்பால் சிறிதளவே சுரக்கும். நச்சுக்கொடி வெளியேறியபின் உடலின் சுரப்புநீர்கள் மாறி, பால் பெருகத் தொடங்குகிறது. அப்போது மார்புக்கு இரத்த ஓட்டம் கூடுகிறது. திசுக்களிலும் நீர் கோக்கிறது. எனவே, அந்த வீக்கம் முழுவதும் பால் அன்று. பேற்றின்போது குளுக்கோஸ் முதலியவை அதிகம் ஏற்றப்பட்டவர்களுக்கு வீக்கம் கூடுதலாக இருக்கலாம். மார்பை அழுத்திப் பிசைந்தால் வலியும் வீக்கமும் மிகுமேயன்றிக் குறையா.

பிறந்த குழந்தைக்குச் சேனை தொட்டுவைப்பதும் சர்க்கரைத் தண்ணீர் புகட்டுவதும் பால் கட்டுவதற்குத் துணைபோகின்றன. வயிறு நிறைந்த குழந்தை மார்பை நாடுவதில்லை. பால் மார்பிலேயே தங்கிவிடுகிறது.

இறைக்கிற கிணறு ஊறும்

மார்பிலிருந்து பால் வெளியேறினால்தான் மேலும் பால் சுரக்கும். வெளியேறாமல் தேங்கினால், ‘இவ்வளவு தேவையில்லை’ என உடல் தானே சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். வலிக்கிறது என்று இரண்டு நாள் பாலூட்டாமல் இருந்தவருக்கு அடுத்த வாரம் பால் குறைந்துபோவது இதனால்தான். பால் கட்டுவது தாய்ப்பாலை நிறுத்தவேண்டும் என்பதற்கு அறிகுறியன்று. அடிக்கடி ஊட்டவேண்டும் என்பதற்கே அறிகுறி.

மல்லிகைப் பூ வைக்கலாமா?

பால் கட்டினால் மார்பின்மீது மல்லிகைப் பூவை வைத்துக் கட்டுவது நம் ஊர்களில் நெடுங்கால வழக்கம். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் இவ்வழக்கத்தை ஆராய்ந்து 1988ஆம் ஆண்டு முடிவுகளை வெளியிட்டனர். பாலை நிறுத்துவதற்கு அந்நாளில் தரப்பட்ட புரோமோகிரிப்டின் என்னும் மாத்திரையோடு அவர்கள் மல்லிகைப் பூவை ஒப்பிட்டனர். பால் சுரக்கச் செய்யும் புரோலாக்டின் இரத்தத்தில் இரண்டினாலும் குறைந்தது. மாத்திரையால் கூடுதலாகக் குறைந்தது. ஆயினும் மார்பு வீக்கத்தையும் பால் சுரப்பையும் அடக்குவதில் இரண்டும் ஏறத்தாழ ஒரே பயனைத் தந்தன.

மல்லிகை வேலை செய்கிறது என்பது உண்மை. ஆனால் அது செய்யும் வேலை பாலை வற்றச் செய்வது. தொடர்ந்து பாலூட்ட விரும்பும் தாய்க்கு அது உகந்ததன்று. வலி தணிவதோடு குழந்தையின் உணவும் குறையக்கூடும். குழந்தையை இழந்த தாய்க்கும், மருத்துவக் காரணத்தால் பாலூட்ட இயலாதவருக்கும் அது துணையாகலாம். அத்தகையோர் மார்பை இறுகக் கட்டவேண்டா. தாங்குமளவு பொருத்தமான உள்ளாடை அணிந்து, குளிர்ந்த துணியை வைத்து, இறுக்கம் தளருமளவு மட்டும் பாலைப் பீய்ச்சிவிட்டால் சில நாள்களில் சுரப்பு அடங்கும்.

வீட்டில் செய்யவேண்டியவை

24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை, இரவிலும் விடாமல் பாலூட்டுங்கள். குழந்தை அழும்வரை காத்திராமல், வாயைத் திறந்து தலையைத் திருப்பித் தேடும்போதே மார்பில் சேருங்கள்.

மார்பு இறுகியிருந்தால் காம்பு தட்டையாகி, குழந்தையால் கவ்வ முடியாது. அப்போது காம்பின் அடியைச் சுற்றி விரல் நுனிகளை வைத்து, நெஞ்சுப் பக்கமாக மெதுவாக ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். காம்பைச் சுற்றியுள்ள கரிய வட்டம் இளகும். காம்பை மட்டுமன்றி அந்த வட்டத்தின் பெரும்பகுதியையும் குழந்தை கவ்வவேண்டும்.

அப்போதும் கவ்வாவிட்டால் கையால் சிறிது பீய்ச்சுங்கள். கட்டைவிரலைக் கரிய வட்டத்தின் மேல் ஓரத்திலும் மற்ற விரல்களைக் கீழ் ஓரத்திலும் வைத்து, நெஞ்சை நோக்கித் தள்ளி, அழுத்தி, விடுங்கள். விரல்களைத் தோலின்மீது தேய்க்கவேண்டா. மார்பு இளகியதும் நிறுத்திவிடுங்கள். குழந்தை நன்றாகக் குடித்தபின்னும் முழுவதும் பீய்ச்சினால் சுரப்பு மேலும் பெருகி, மறுபடியும் கட்டிக்கொள்ளும்.

பாலூட்டியபின் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியை 10 அல்லது 15 நிமிடம் மார்பின்மீது வைத்திருங்கள். பனிக்கட்டி கட்டாயமன்று, குளிர்ந்த தண்ணீரே போதும். கொதிக்கும் வெந்நீர் ஒற்றடத்தைத் தவிருங்கள். வலி மிகுந்தால் பாராசிட்டமால் எடுப்பதைப் பற்றிச் செவிலியரிடம் கேளுங்கள்.

பிள்ளை பெற்றவருக்குத் தண்ணீரைக் குறைக்கவேண்டா, தாகத்திற்கேற்பப் பருகட்டும். மலையில் விளையும் சாமையும் கேழ்வரகும், பருப்பும் கீரையும் முட்டையும் அவருக்கு நல்லுணவு.

குழந்தை சிறப்புப் பிரிவில் இருந்தால்

எடை குறைந்தோ குறைமாதத்திலோ பிறந்த குழந்தை சிறப்புப் பிரிவில் இருக்கும்போது, தாய் 2 அல்லது 3 மணி நேரத்திற்கொருமுறை, நாளொன்றுக்கு 8 முறையேனும் பாலைப் பீய்ச்சவேண்டும். இங்கே மார்பை நன்றாக வெறுமையாக்குவதே முறை. அந்தப் பாலைச் செவிலியர் அறிவுரைப்படி பாலாடையால் புகட்டலாம். வீட்டில் மூடிய தூய பாத்திரத்தில் நிழலில் வைத்து 4 மணி நேரத்திற்குள் கொடுத்துவிடவேண்டும்.

பால் போதுமா?

இரண்டு மூன்று வாரங்களில் மார்பு மென்மையாகிவிடும். ‘பால் வற்றிவிட்டது’ என்று அஞ்சிப் புட்டிப்பாலைத் தொடங்கவேண்டா; சுரப்பு குழந்தையின் தேவையோடு பொருந்திவிட்டது என்பதே அதன் பொருள். ஐந்தாம் நாளுக்குப்பின் நாளொன்றுக்கு 6 முறையோ அதற்கு மேலோ சிறுநீர் கழித்து, இரண்டு வாரங்களுக்குள் பிறந்த எடையை மீண்டும் எட்டிவிட்டால் குழந்தைக்குப் பால் போதுகிறது. கிராம சுகாதாரச் செவிலியர் வரும்போது எடை பார்க்கச் சொல்லுங்கள்.

எப்போது தாமதிக்கக்கூடாது?

தாய்க்கு 100.4 பாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காய்ச்சல், குளிர்நடுக்கம், மார்பின் ஒரு பகுதியில் சிவப்பு, ஒரு நாளாகியும் கரையாத கட்டி, சீழ் ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திற்கோ நம் மருத்துவமனைக்கோ வந்துவிடுங்கள். அது மார்பு அழற்சியாகவோ சீழ்க்கட்டியாகவோ இருக்கலாம். மருத்துவர் வேறுவிதமாகக் கூறாதவரை அப்போதும் பாலூட்டலாம். குழந்தை எழுப்பியும் குடிக்காமல் சோர்ந்திருந்தாலும், சிறுநீர் குறைந்தாலும், உடல் மஞ்சளித்தாலும் இரவென்று பாராமல் 108ஐ அழையுங்கள். அறிவுரை மட்டும் வேண்டுமெனில் 104ஐ அழைக்கலாம்.

மலையிலிருந்து பேருந்தில் வரும் நேரமெல்லாம் பாலூட்டாதிருப்பதும் மார்பைக் கட்டச்செய்யும். தமிழகத்தின் பேருந்து நிலையங்கள் பலவற்றில் 2015ஆம் ஆண்டு முதல் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டுள்ளன. உடன்வரும் கணவரோ மாமியாரோ அந்த அறையை விசாரித்துக் காட்டினால், தாய் தயங்காமல் பாலூட்டுவார். வீட்டிலும் முதல் வாரத்தில் சமையலையும் தண்ணீர் சுமப்பதையும் பிறர் ஏற்றுக்கொண்டால், குழந்தை கேட்கும்போதெல்லாம் பாலூட்ட அவருக்கு நேரம் கிடைக்கும்.