வீட்டு வாடகையும் வண்டிப் பயணமும்

மும்பைப் புறநகர் ரயில் நிலையம் ஒன்றில் சீசன் டிக்கெட் வழங்கும் ஜன்னலுக்குப் பின்னால் அமர்ந்து உத்தியோகம் பார்ப்பவன் நான். மாதத்தின் முதல் வாரத்தில் என் முன் வந்து நிற்போருள் ஊருக்குப் புதியவர் யார் என்பது எனக்கு உடனே தெரிந்துவிடும். அவர்கள் கையில் பழைய டிக்கெட் இராது; எங்கிருந்து எங்கு வரை என்று கேட்டால் சற்றுத் தயங்குவர். அண்மைக் காலத்தில் அவ்வாறு தயங்கி நிற்போருள் மஸ்கட், துபாய், குவைத் முதலிய இடங்களிலிருந்து குடும்பத்துடன் திரும்பிய நம்மவர் சிலரையும் காண்கிறேன். நான் தமிழன் என்று அறிந்தவுடன் அவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "சார், குறைந்த வாடகையில் குடியிருக்க எந்த ஊர் நல்லது?"

வரிசை நீண்டிருக்கும்பொழுது இதற்கு விடை கூற இயலாது. ஆகவே நம் சங்க இதழின் வாயிலாகக் கூறத் துணிந்தேன். பத்தாம் வகுப்புடன் படிப்பை முடித்த குமாஸ்தாவின் எழுத்து இது. குறை இருப்பின் அன்பர்கள் பொறுத்தருள்க.

அத்தான் போட்ட கணக்கு

என் அக்காளின் கணவர் மஸ்கட்டில் பதினான்கு ஆண்டுகள் பண்டகசாலைக் கணக்கராக இருந்தவர். கம்பெனி ஆட்குறைப்புச் செய்யவே, அக்காளையும் இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு மும்பைக்குத் திரும்பினார். அந்தேரி கிழக்கில் ஓர் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. சம்பளம் அங்கு வாங்கியதில் பாதிக்கும் குறைவு. வீடு அமையும் வரை டோம்பிவிலியில் எங்கள் வீட்டில் தங்கினர்.

மும்பைத் தமிழர் என்றால் நினைவுக்கு வருவது மாட்டுங்கா. கோயில்கள், பூக்கடைகள், 1932-ஆம் ஆண்டு தொடங்கிய தென்னிந்தியக் கல்விச் சங்கம் ஆகிய யாவும் அவ்வட்டாரத்தைச் சார்ந்தே வளர்ந்தன. அத்தானும் முதலில் அங்குதான் வீடு தேடினார். வாடகையைக் கேட்டவுடன் செம்பூருக்கு வந்தார். அங்கும் கேட்டுவிட்டு ரயில் பாதை செல்லும் திசையிலேயே மேலும் மேலும் தள்ளிப்போய், இறுதியில் பத்லாபூரில் ஒரு வீட்டைக் கண்டுபிடித்தார். புதிய கட்டடம், இரண்டு படுக்கையறை, மின்தூக்கி உண்டு. வாடகை 9,000 ரூபாய். அதே அளவு வீட்டுக்கு டோம்பிவிலியில் எங்கள் தெருவில் 17,000 கேட்டனர்.

"மாதம் எட்டாயிரம் மிச்சம், மாப்பிள்ளை! இதில் யோசிக்க என்ன இருக்கிறது?" என்றார்.

"முன்பணம் கொடுப்பதற்கு முன் மூன்று நாள் அங்கிருந்து வேலைக்குப் போவதுபோல் போய் வாருங்கள், அத்தான். பிறகு உங்கள் விருப்பம்" என்றேன்.

அந்த ஊரில் என் நண்பர் ஒருவர் வீட்டில் தங்கி மூன்று நாளும் போய் வந்தார். மூன்றாம் நாள் இரவு நானும் அங்கு சென்றிருந்தேன். இருவரும் அமர்ந்து கணக்கு எழுதினோம். விளம்பரத்தில் "நிலையத்திலிருந்து பத்து நிமிடம்" என்றிருந்தது. நள்ளிரவில் மோட்டார் சைக்கிளில் போனால் பத்து நிமிடம்; மாலையில் ஆட்டோ வரிசையில் நின்று போனால் அரைமணி. ஆட்டோவுக்குப் போகவர நாளொன்றுக்கு 60 ரூபாய் வீதம் 25 நாட்களுக்கு 1,500. பிள்ளைகளுக்குத் தகுந்த பள்ளி தொலைவில் இருந்தபடியால் பள்ளி வண்டிக்கு 3,000. தண்ணீர் லாரிக்காகக் கட்டடத்தார் பிரிக்கும் பங்கு 500. ஆக 5,000 ரூபாய். எட்டாயிரம் என்று நினைத்த மிச்சம் மூவாயிரமாகச் சுருங்கிற்று.

நேரத்தையும் எழுதினோம். டோம்பிவிலியிலிருந்து போவதைவிட ஒரு வழிக்கு 40 நிமிடம் கூடுதல். நாளொன்றுக்கு 80 நிமிடம். 25 நாட்களுக்கு 2,000 நிமிடம். அதாவது மாதத்துக்கு 33 மணிக்கும் அதிகம். மூவாயிரம் ரூபாய்க்காக அவ்வளவு நேரத்தையும் வண்டியிலும் வரிசையிலும் கொடுத்தாக வேண்டும்.

அத்தான் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "மஸ்கட்டில் சாயங்காலம் ஆறரைக்கு வீட்டில் இருப்பேன். சின்னவன் கணக்கு நோட்டுடன் காத்திருப்பான். சொந்த நாட்டுக்கு வந்து அவன் தூங்கிய பிறகு வீட்டுக்குள் நுழைவதா?" என்றார்.

ஊரைத் தேர்ந்தெடுக்கும் முறை

இதனால் பத்லாபூர் தீய ஊர் என்று எவரும் பொருள் கொள்ளலாகாது. மலையும் பசுமையும் சூழ்ந்த ஊர் அது. அம்பர்நாத்திலோ கல்யாணிலோ வேலை உள்ளவர், வீட்டிலிருந்தே பணிபுரிவோர், ஓய்வு பெற்றோர் ஆகியோருக்கு அதைவிடச் சிறந்த இடம் கிடைப்பது அரிது. ஓர் ஊர் நல்லதா என்பது அங்கிருந்து எங்கு போக வேண்டும் என்பதைப் பொறுத்தது. ஆகவே வீடு தேடுவோர் முதலில் அலுவலகத்தையும், அடுத்து ரயில் பாதையையும், அதன்பின் நிலையத்தையும், கடைசியாக வீட்டையும் பார்க்க வேண்டும். நம்மவரில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கின்றனர்.

1853-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள் போரிபந்தரிலிருந்து தாணே வரை ஓடிய முதல் வண்டியின் பாதைதான் இன்றைய மத்திய ரயில்வேப் பாதை. தாணே சுமார் 34 கிலோமீட்டர், டோம்பிவிலி 48, அதன்பின் கல்யாண், அதற்கப்பால் கர்ஜத் பக்கம் பிரியும் கிளையில் அம்பர்நாத் 60, பத்லாபூர் 68. கல்யாண் வரை பாஸ்ட் வண்டி சிறு நிலையங்களை விட்டுவிட்டு ஓடும். கல்யாணைத் தாண்டினால் எந்த லோக்கலும் எல்லா நிலையங்களிலும் நிற்கும். வண்டிகளின் எண்ணிக்கையும் குறைந்துவிடும். எனவே கல்யாணுக்கு அப்பால் பத்து கிலோமீட்டர் என்பது, கல்யாணுக்கு இப்பால் பத்து கிலோமீட்டரைவிட நீண்டது.

அலுவலகம் அந்தேரி கிழக்கில் என்றால் மத்தியப் பாதையில் வருவோர் காட்கோபரில் இறங்கி, 2014 முதல் ஓடும் மெட்ரோவில் மாறலாம். ஐரோலி, வாஷி பக்கம் வேலை என்றால் தாணேயில் மாறினால் போதும். மேற்குப் பாதையை ஒட்டி வேலை உள்ளவர் வசாய், நாலாசோபாரா, விரார் ஆகிய ஊர்களைப் பார்க்கலாம். சர்ச்கேட்டிலிருந்து விரார் சுமார் 60 கிலோமீட்டர். வாடகை குறைவுதான், நெரிசலும் அதற்கேற்ப உண்டு. நவி மும்பையில் வேலை உள்ளவருக்குப் பன்வேல் பொருத்தம். ஆனால் ஹார்பர் பாதையில் பாஸ்ட் வண்டி என்பதே கிடையாது. பன்வேலில் ஏறினால் கோட்டைப் பகுதி வரை ஒவ்வொரு நிலையமாக நின்றே போக வேண்டும்.

வண்டி எங்கிருந்து புறப்படுகிறது என்பதையும் கவனித்தல் வேண்டும். உங்கள் நிலையத்திலேயே புறப்படும் வண்டிகள் காலையில் சில இருந்தால் உட்கார இடம் கிடைக்கும். குறைந்தபட்சம் உள்ளே நிற்கவாவது கிடைக்கும். இது சௌகரியத்தைப் பற்றிய பேச்சு மட்டுமன்று. 2025 ஜூன் 9-ஆம் நாள் மும்ப்ராவுக்கு அருகே எதிரெதிரே சென்ற இரண்டு வண்டிகளில் வாசற்படியில் தொங்கிக்கொண்டிருந்தோர் கீழே விழுந்து, அன்றைய தினமே நால்வர் இறந்தனர். அவ்வண்டிகள் கசாரா, கர்ஜத் பக்கத்து ஊர்களில் குடியிருப்போர் அன்றாடம் ஏறிச் செல்லும் வண்டிகளே. வளைகுடாவில் குளிரூட்டிய காரில் வேலைக்குப் போய்ப் பழகியவர் இந்த நெரிசலை ஒரு நாளேனும் நேரில் கண்ட பின்பே வீட்டை முடிவு செய்ய வேண்டும்.

டிக்கெட்டைப் பற்றி என் ஜன்னலிலிருந்து ஒரு வார்த்தை. மூன்று மாதச் சீசன் டிக்கெட்டின் கட்டணம் மாதக் கட்டணத்தைப்போல் 2.7 மடங்குதான், ஆறு மாதத்துக்கு 5.4 மடங்கு, ஓராண்டுக்கு 10.8 மடங்கு. ஆயினும் புதிதாகக் குடிவந்தோர் முதல் இரண்டு மாதமும் மாத டிக்கெட்டே வாங்குக. ஊரும் வேலையும் நிலைத்த பிறகு நீண்ட கால டிக்கெட் வாங்கலாம். மாணவருக்குச் சலுகை உண்டு. அதற்குரிய படிவத்தைப் பள்ளியிலேயே கேட்டுப் பெற வேண்டும்.

பிள்ளைகளும் பள்ளியும்

அங்குள்ள இந்தியப் பள்ளிகளில் மத்தியப் பாடத்திட்டத்தில் பயின்ற பிள்ளைகளுக்கு இங்கும் அதே பாடத்திட்டப் பள்ளியில் சேர்வது எளிது. புறப்படுமுன் மாற்றுச் சான்றிதழில் அந்நாட்டுக் கல்வித் துறையின் முத்திரையையும் நம் தூதரகத்தின் முத்திரையையும் பெற்று வருதல் நலம். இங்கு வந்தபின் அதற்காக அலைவது பெருந்தொல்லை. மகாராஷ்டிரத்தில் 2020-இல் இயற்றிய சட்டத்தின்படி எப்பாடத்திட்டப் பள்ளியாயினும் மராத்தி கற்பிக்க வேண்டும். பிள்ளைகளுக்கு முதல் ஆண்டு கடினமாகத்தான் இருக்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுடன் விளையாடவிடுவதே இதற்கு நல்ல மருந்து. என் அக்காள் மகள் ஆறு மாதத்தில் காய்கறிக்காரியிடம் மராத்தியில் பேரம் பேசக் கற்றுக்கொண்டாள். அக்காள் இன்னும் கைவிரலைக் காட்டித்தான் பேசுகிறாள்.

வாங்குவதற்கு முன் ஒரு மழைக்காலம்

வெளிநாட்டில் சேர்த்த பணம் கையில் இருக்கும்போதே சொந்த வீடு வாங்கிவிட வேண்டும் என்ற ஆவல் இயல்பானது. இவ்விடத்தில்தான் நான் அன்பர்களைக் கைகூப்பி வேண்டுகிறேன்: ஒரு மழைக்காலம் வாடகை வீட்டில் இருந்து பாருங்கள், பிறகு வாங்குங்கள்.

2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்ததை மும்பைவாசிகள் எவரும் மறக்கவில்லை. 2019 ஜூலையில் உல்லாஸ் நதி பெருகி, பத்லாபூருக்கும் வாங்கணிக்கும் இடையே மகாலட்சுமி எக்ஸ்பிரஸ் வெள்ளத்தில் நின்றுவிட, ஆயிரத்துக்கு மேற்பட்ட பயணிகளைப் படகு கொண்டு மீட்க நேர்ந்தது. மே மாதத்தில் பார்க்கும் வீட்டுக்கு முன் ஆகஸ்டில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று தரகர் சொல்ல மாட்டார். கீழ்த்தளத்துக் கடைக்காரரைக் கேளுங்கள். அவர் சுவரில் கைவைத்துக் காட்டுவார்.

பத்திரங்களிலும் எச்சரிக்கை வேண்டும். வீட்டுத் திட்டங்களைப் பதிவு செய்யும் மகாரேரா அமைப்பு 2017 முதல் இயங்குகிறது. ஆனால் பதிவு எண் ஒன்றையே நம்பிவிடலாகாது. கல்யாண்–டோம்பிவிலி மாநகராட்சி எல்லையில் போலி அனுமதிப் பத்திரங்களைக் காட்டி மகாரேரா பதிவு பெற்ற 65 கட்டடங்களை இடிக்கும்படி 2024 நவம்பரில் பம்பாய் உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. அவ்வீடுகளை வாங்கியோரில் பலர் வங்கிக் கடன் பெற்ற எளிய குடும்பத்தினர். ஆகவே கட்டட அனுமதியும் குடியேறும் சான்றிதழும் மெய்யானவையா என்று மாநகராட்சி அலுவலகத்தில் நேரில் விசாரித்து, வக்கீல் ஒருவரிடமும் காட்டிய பின்பே பணம் கொடுக்க வேண்டும். வாடகைக்குப் போவோரும் ஒப்பந்தத்தைப் பதிவு செய்தே தீர வேண்டும்; இம்மாநிலத்தின் 1999-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது.

முடிவு

அத்தான் டோம்பிவிலி கிழக்கில், நிலையத்துக்கு எட்டு நிமிட நடையில், ஒரு பழைய கட்டடத்தில் குடியேறினார். மூன்றாம் மாடி, மின்தூக்கி இல்லை. ஒரே படுக்கையறை, வாடகை 12,500. மஸ்கட்டிலிருந்து கப்பலில் வந்த பெரிய சோபாவை மாடிப்படியில் ஏற்ற முடியவில்லை. பாதி விலைக்குக்கூடப் போகாத அதைத் தெருவில் வைத்து விற்ற அன்று அக்காள் கண் கலங்கினாள். பதினான்கு ஆண்டு உழைப்பின் அடையாளம் அல்லவா? அந்த வருத்தம் அவளுக்கு இன்னும் இருக்கிறது. நான் கூறிய யோசனைக்கு அந்தச் செலவும் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை.

சென்ற வாரம் இரவுப் பணிக்குப் புறப்படுமுன் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். மணி எட்டு. அத்தான் சட்டையைக்கூட மாற்றாமல் தரையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார். சின்னவன் கணக்கு நோட்டை அவர் மடியில் வைத்து, வகுத்தலில் மீதி எப்படி வந்தது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தான். அக்காள் உள்ளிருந்து, "முதலில் அப்பாவைச் சாப்பிட விடு" என்று குரல் கொடுத்தாள். அவன் விடவில்லை.

வீடு தேடும் அன்பர்கள் தங்கள் கணக்கில் வாடகை, ஆட்டோ, பள்ளி வண்டி, தண்ணீர் ஆகியவற்றுடன் இந்த ஒரு மணி நேரத்தையும் ஒரு வரியாக எழுதிக்கொள்ள வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.