மூலிகைச் சாறு விற்பவர் கவனத்திற்கு

யாழ்ப்பாணத்தில் மூலிகைச் சாறு போத்தலில் அடைத்து விற்கும் நமது வியாபாரிகள் என்னிடம் சொல்வது ஒன்றுதான்: "பரம்பரையாகக் குடித்தது, பரிசோதனை எதற்கு?"

பெல்ஜியத்தில் 1990களின் தொடக்கத்தில் நடந்ததைக் கேளுங்கள். உடல் மெலியக் கொடுத்த குளிசையில், சீனப் பெயர் ஒத்திருந்ததால் ஒரு வேருக்குப் பதிலாக வேறு வேர் கலந்துவிட்டது. நூறு பேருக்கு மேல் சிறுநீரகம் கெட்டது. கலந்தது நமது ஆடுதீண்டாப்பாளையின் இனம். அதிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் புற்றுநோயும் தரும்.

பாட்டன் குடித்தது தண்ணீரில் காய்ச்சிய கசாயம். மதுசாரத்தில் இறக்கிய சாறு வேறு சரக்கு. தண்ணீரில் கரையாததும் அதில் இறங்கும், செறிவும் கூடும்.

பரிசோதனை மூன்று படி. முதலில், மூலிகை அதுதானா என்று பார்ப்பது. அடுத்து ஈயம், பாதரசம், ஆர்சனிக், பூஞ்சண நச்சு உண்டா என்று பார்ப்பது. பிறகு நச்சுத்தன்மை. சாறு கலந்த உப்புநீரில் ஆர்ட்டீமியா என்னும் சிற்றுயிரின் குஞ்சுகளை 24 மணித்தியாலம் விட்டு, செத்ததை எண்ணுவார்கள். எலிக்குக் கிலோ எடைக்கு 2000 மில்லிகிராம் வரை ஒரே தடவை கொடுத்து 14 நாள் கவனிப்பார்கள். மெல்லக் கொல்லும் நஞ்சு இதில் அகப்படாது. அதற்கு 28 நாள் அல்லது 90 நாள் தினமும் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

ஆகவே, தாவரவியல் பெயரைப் பில்லில் எழுதி வாங்குங்கள். ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு மாதிரி எடுத்து வையுங்கள். வேரில் சந்தேகமானால் கைதடியில் சித்த மருத்துவம் கற்பிப்பவர்களிடம் காட்டிவிட்டு விற்பனைக்கு எடுங்கள். ஆய்வுகூடச் செலவை விலையில் சேர்க்கலாம். வாடிக்கையாளரின் சிறுநீரகத்தை நாம் திருப்பிக் கொடுக்க முடியாது.