சிறுநீர்ப்பை மாத்திரையும் குருதி அழுத்தமும்

எம்மவரிடையே முதிய தாய்மார் பலர் வெளியிற் கூறத் தயங்கும் உபாதையொன்றுண்டு. அடக்கவியலாதபடி திடீரெனச் சிறுநீர் முட்டுவதும், இரவில் பலமுறை எழ நேர்வதுமே அது. மகன் அருகிலிருந்து மொழிபெயர்க்கையில் தாய் இதனை வைத்தியரிடம் கூறுவாரா? பிரித்தானியாவில் தேசிய சுகாதார சேவை மொழிபெயர்ப்பாளரை இலவசமாகவே ஒழுங்கு செய்யும். பெண்ணொருவரை வேண்டுமெனவும் கேட்கலாம்.

இதற்கென வழங்கப்படும் ஒக்சிபியூற்றினின் போன்ற பழைய மருந்துகள் வாயை உலர்த்தும், மலத்தைக் கட்டும், முதியோரின் நினைவைக் குழப்பவும் கூடும். ஐரோப்பாவில் 2012இல் அனுமதி பெற்ற மிராபெக்ரோன் வேறு வழியிற் சிறுநீர்ப்பைத் தசையைத் தளர்த்துவது. ஆனால் சிலருக்கு அது குருதி அழுத்தத்தை உயர்த்துகிறது. பிரித்தானிய மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2015இல் வைத்தியர்களை இதுபற்றி எச்சரித்தது. மேல் அளவு 180 அல்லது கீழ் அளவு 110, அன்றி அதற்கும் மேலாக, கட்டுப்படாதிருப்போருக்கு இம்மருந்து ஆகாது. ஏனையோருக்கும் தொடங்குமுன் அழுத்தத்தை அளந்து, பின்னரும் ஒழுங்காக அளந்துவர வேண்டும்.

ஆயினும் முதலிற் கேட்கவேண்டிய கேள்வி வேறு. அழுத்தத்திற்கென உட்கொள்பவற்றுள் நீரை வெளியேற்றும் மாத்திரையும் உள்ளதா? இருப்பின் உபாதைக்கு அதுவே காரணமாகலாம். மாலையில் விழுங்குவதைக் காலைக்கு மாற்றினாலே சிலருக்கு உறக்கம் திரும்பிவிடும். அம்மாற்றத்தை வைத்தியரே செய்யவேண்டும். தாமாக நிறுத்துவது ஆபத்து. ஊரிலிருந்து உறவினர் அனுப்பியவை உட்பட எல்லா மாத்திரைகளையும் பெட்டியோடு அவரிடம் கொண்டு செல்லுங்கள்.