சத்தத்தை விழுங்கிய சீலை!

சாமான் எதுவும் இல்லாத காலி வீட்டில் நின்று "அம்மா!" என்று கூப்பிட்டுப் பாருங்கள்.

"அம்மா... மா... மா..." என்று சுவர் திருப்பிச் சொல்லும்.

பாய், மெத்தை, திரைச்சீலை எல்லாம் வந்து சேர்ந்த பிறகு, அதே வீட்டில் மறுபடி கூப்பிடுங்கள். சுவர் வாய் திறக்காது!

காரணம் என்ன? துணி, சத்தத்தை விழுங்கி விடுகிறது.

எல்லா வீட்டிலும் தெரிந்த இந்தச் சின்ன உண்மையை வைத்துக்கொண்டு, ஒரு பெண் புதுவிதச் சீலை நெய்தார். அதற்காகப் பட்டமும் பெற்றார்.

அவர் பெயர் அன்னி ஆல்பர்ஸ். கைத்தறி நெசவில் உலகப் புகழ் பெற்றவர்.

ஆனால், தறியில் உட்கார அவருக்கு முதலில் விருப்பமே இல்லை!

செல்வர் வீட்டுப் பெண்

ஜெர்மனியில் உள்ள பெர்லின் நகரில், 1899-ம் ஆண்டு அன்னி பிறந்தார். தகப்பனார் மேஜை, நாற்காலி செய்யும் தொழில் நடத்தியவர். வீட்டில் வசதிக்குக் குறைவு இல்லை.

அன்னிக்கு ஓவியம் வரைய ஆசை. ஓவியராகவே ஆகிவிட வேண்டும் என்று நினைத்தார்.

அந்தக் காலத்தில், வைமார் என்ற ஊரில் "பௌஹவுஸ்" என்று ஒரு கலைப்பள்ளி இருந்தது. வால்ட்டர் குரோப்பியஸ் என்ற கட்டிடக் கலைஞர் 1919-ல் தொடங்கிய பள்ளி அது. நாற்காலி, விளக்கு, பாத்திரம், துணி என்று வீட்டில் புழங்கும் பொருள்கள் எல்லாம் அழகாகவும் இருக்க வேண்டும், உபயோகமாகவும் இருக்க வேண்டும் என்பது அந்தப் பள்ளியின் கொள்கை.

அன்னி அங்கே சேர விண்ணப்பம் போட்டார். முதல் தடவை இடம் கிடைக்கவில்லை. அவர் விடவில்லை. மறுபடியும் முயன்று, 1922-ல் சேர்ந்துவிட்டார்.

மூடிய கதவு

கண்ணாடி வேலை படிக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். ஆனால் அந்தக் கதவு திறக்கவில்லை.

"ஆணும் பெண்ணும் இங்கே சமம்" என்று பேச்சு. உள்ளே போன பெண்களில் பெரும்பாலோரை அனுப்பியதோ நெசவுக் கூடத்துக்கு!

அன்னிக்கு மனம் ஒப்பவில்லை. நூல் வேலை என்றால் ஏதோ மென்மையான, சத்தில்லாத வேலை என்று எண்ணினார். வேறு வழி இல்லாமல்தான் தறியில் உட்கார்ந்தார்.

உட்கார்ந்தவரைத் தறி விடவில்லை!

பாவு நெடுக்கே ஓடும். ஊடை குறுக்கே பாயும். இரண்டு நூல் கூடும் இந்த ஒரு கணக்குக்குள் எத்தனை வித்தை! நூலை மாற்றினால் துணியின் குணம் மாறுகிறது. பின்னலை மாற்றினால் மறுபடியும் மாறுகிறது. அன்னிக்கு வியப்பு தாங்கவில்லை.

அதே பள்ளியில் கண்ணாடி வேலை செய்துவந்தவர் ஜோசப் ஆல்பர்ஸ். அவரை 1925-ல் அன்னி மணந்துகொண்டார். அந்த ஆண்டிலேயே பள்ளியும் டெஸ்ஸாவ் நகருக்கு மாறியது.

தொப்பியைப் பிரித்தார்

அப்போது பெர்லினுக்கு அருகே உள்ள பெர்னாவ் என்ற ஊரில், தொழிற்சங்கத்தாருக்காக ஒரு பள்ளிக்கூடம் எழுந்துகொண்டிருந்தது. அதற்குத் திட்டம் போட்டவர் ஹானஸ் மேயர் என்ற கட்டிடக் கலைஞர்.

அங்கே ஒரு பெரிய கூட்ட மண்டபம். எதிரொலியை அடக்கினால்தான் பேச்சு காதில் தெளிவாக விழும்.

"சுவருக்கு வெல்வெட் துணி போர்த்தலாம்" என்பது வழக்கமான யோசனை. ஆனால் பல பேர் வந்து போகும் இடம். கை பட்டு அழுக்காகும். அழுக்குத் தெரியாமல் இருக்க, கருநிற வெல்வெட் போட வேண்டும். போட்டால் மண்டபமே இருண்டு விடும்!

சத்தம் அடங்க வேண்டும். வெளிச்சமும் குறையக் கூடாது. என்ன செய்வது?

அன்னிக்கு ஒரு தொப்பி நினைவுக்கு வந்தது! இத்தாலியில் புளோரன்ஸ் நகருக்குப் போயிருந்தபோது வாங்கியது. பளபளக்கும் கண்ணாடிக் காகித இழையைப் போன்ற நூலால் பின்னிய தொப்பி.

அந்தத் தொப்பியை அன்னி பிரித்தார். அந்த இழையைக் கொண்டே மாதிரித் துணி நெய்து பார்த்தார்.

துணியின் முன்பக்கத்தில் கண்ணாடிக் காகித இழை. அது வெளிச்சத்தை வாங்கி, மண்டபத்துக்கே திருப்பிக் கொடுத்தது. அழுக்குப் பட்டால் துடைத்து விடலாம்.

பின்பக்கத்தில் "செனில்" என்ற நூல். பிரெஞ்சு மொழியில் செனில் என்றால் கம்பளிப்பூச்சி. பெயருக்கு ஏற்ப மொசுமொசு என்று இருக்கும். சத்தம் அந்த மொசுமொசுப்புக்குள் நுழைந்து அடங்கிப் போகும்.

ஒரே துணி. முன்னே ஒரு வேலை, பின்னே ஒரு வேலை!

சைஸ் ஐகான் என்ற நிறுவனம் இந்தத் துணியைச் சோதித்துப் பார்த்து அறிக்கை கொடுத்தது. 1930-ல் அன்னிக்குப் பட்டம் கிடைத்தது. விருப்பம் இல்லாமல் நெசவுக் கூடத்துக்குள் போனவர், 1931-ல் அந்தக் கூடத்தின் பொறுப்பையே ஏற்றார்.

நாட்டை விட்டு...

1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். நாஜிகளின் நெருக்கடியால் பௌஹவுஸ் பள்ளி மூடப்பட்டது.

அன்னி யூதக் குலத்தில் பிறந்தவர். ஜெர்மனியில் இருந்தால் ஆபத்து. அமெரிக்காவில், வடக்கு கரோலினா மாநிலத்தில் இருந்த "பிளாக் மவுண்டன்" கல்லூரி தம்பதியை ஆசிரியர்களாக அழைத்தது. அந்த ஆண்டு நவம்பரில் இருவரும் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்கள்.

புது நாடு. புது மொழி. கையோடு வந்தது தொழில் ஒன்றுதான்! அங்கே அன்னி மாணவர்களுக்கு நெசவு சொல்லிக் கொடுத்தார்.

துணியே சுவர்!

1949-ல் நியூயார்க்கின் நவீனக் கலை மியூசியம், அன்னியின் துணிகளைத் தனிக் கண்காட்சியாக வைத்தது. நெசவாளர் ஒருவருக்கு அங்கே தனிக் கண்காட்சி நடந்தது அதுவே முதல் தடவை.

அதில் பலரையும் கவர்ந்தவை தொங்கும் தடுப்புகள். பருத்தி, சணல், கண்ணாடிக் காகிதம், குதிரை மயிர், மெல்லிய மரச் சட்டம் இவற்றை எல்லாம் சேர்த்து நெய்தவை. ஒரு தடுப்பைத் தொங்க விட்டால் ஓர் அறை இரண்டாகும். காற்று வரும். வெளிச்சம் வரும். வேண்டாதபோது கழற்றி வைத்து விடலாம்.

ஹார்வர்டு பல்கலைக்கழக மாணவர் விடுதிக்கும் அவர் துணி வடிவமைத்தார். அந்தக் கட்டிடத்துக்குத் திட்டம் போட்டவர் பழைய குரோப்பியஸ்தான்!

மாணவர்கள் கட்டிலில் காலோடு ஏறுவார்கள். சிகரெட் நெருப்பைச் சிந்துவார்கள். அதையும் யோசித்து, கறையும் பொத்தலும் சட்டென்று கண்ணில் படாதபடி, கட்டம் போட்ட விரிப்பாக வகுத்தார்.

கைத்தறியில் சோதித்துப் பார்த்து, மில்லில் நெய்ய வேண்டும் என்பது அவர் கருத்து. நோல் என்ற அமெரிக்க நிறுவனத்துக்கும் பல ஆண்டுகள் துணி வடிவமைத்துக் கொடுத்தார்.

ஆறு சீலைகள்

நாஜிகள் அறுபது லட்சம் யூதர்களைக் கொன்றார்கள். அவர்கள் நினைவாக நியூயார்க் யூத மியூசியம் கேட்டுக்கொண்டபடி, 1965, 66-ம் ஆண்டுகளில் அன்னி ஆறு சீலைகள் நெய்தார். "ஆறு பிரார்த்தனைகள்" என்று பெயர். கறுப்பு, வெள்ளை, பழுப்பு, நடுவே வெள்ளி இழை. உருவம் எதுவும் கிடையாது. எழுத்துப் போல நூல் வளைந்து வளைந்து ஓடும். எந்த மொழியிலும் அதைப் படிக்க முடியாது.

தப்பி வந்தவர், தப்ப முடியாமல் போனவர்களுக்காக நெய்த சீலைகள் அவை.

1965-ல் நெசவைப் பற்றி ஒரு பெரிய நூலும் எழுதினார். தாம் குருவாகக் கருதிய பழங்காலப் பெரு நாட்டு நெசவாளர்களுக்கு அந்த நூலைக் காணிக்கை ஆக்கினார்.

1994-ல், தமது 94-வது வயதில் அன்னி காலமானார். 2017-ல் பெர்னாவ் பள்ளிக்கூடம் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டு, லண்டன் டேட் மாடர்ன் மியூசியத்தில் அவருடைய நெசவுகள் காட்சிக்கு வந்தன.

வீட்டுக்கு ஒரு யோசனை

தாய்மார்களே! அடுத்த தடவை ஜன்னல் திரை வாங்கக் கடைக்குப் போகும்போது, நிறத்தையும் விலையையும் மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள்.

அறை இருட்டாக இருக்கிறதா? வெளிச்சம் புகும் இளந்துணி எடுங்கள். தெருச் சத்தம் காதைத் துளைக்கிறதா? கனத்த துணியாகத் தேடுங்கள். குழந்தைகள் கை துடைக்கும் இடமா? கட்டம் போட்டதைப் பாருங்கள்.

"இந்தத் துணி என் வீட்டில் என்ன வேலை செய்யப் போகிறது?" என்று கேட்டு வாங்குங்கள். அன்னி ஆல்பர்ஸ் தறியில் உட்காரும்போதெல்லாம் கேட்டுக்கொண்ட கேள்வியும் அதுதான்!