உழவு இயந்திரத்தில் பெற்றோல் கலந்துவிட்டால்

மாத்தளை மாவட்டத்தின் தம்புள்ளை, கலேவெலப் பகுதிகளில் பல கமக்காரரிடம் இருவகைப் பொறிகள் உள்ளன. வயலுழும் இருசில்லு உழவு இயந்திரம் டீசலில் ஓடுவது. வெங்காயப் பாத்திக்குக் கிணற்று நீர் இறைக்கும் சிறு பம்பி பெற்றோலிலோ மண்ணெண்ணெயிலோ ஓடுவது. கலன்கள் ஒரே கொட்டிலில் இருப்பின், பெரும்போக உழவின் அவசரத்தில் கை தவறுதல் எளிது.

டீசற் பொறியின் எரிபொருட் பம்பியும் பீச்சுங்குழாயும் டீசலின் வழுவழுப்பினாலேயே தேயாது இயங்குவன. பெற்றோலுக்கு அவ்வழுவழுப்பில்லை. ஆகவே, தவறு தெரிந்ததும் பொறியை இயக்குதலாகாது; ஓடிக்கொண்டிருப்பின் உடனே நிறுத்துதல் வேண்டும். சிறிதளவுதானே என்று மேலே டீசல் நிரப்பி ஓட்டுவது வீண் சிக்கனம்.

பொறி ஆறிய பின், திறந்த வெளியில், பீடி நெருப்பும் அணுகாத இடத்தில், தாங்கியை முற்றாக வடித்தல் வேண்டும். வடிகட்டியையும் கழற்றி டீசலாற் கழுவுக. புதிய டீசல் இட்டு, காற்றுத் திருகாணியைத் தளர்த்தி, குமிழி நின்றபின் இறுக்குக. அதன்பின்னும் பொறி தட்டினாலோ புகைத்தாலோ பீச்சுங்குழாயைத் திருத்துநரிடம் காட்டுதல் நன்று.

பெற்றோற் பம்பியில் டீசல் சேர்ந்தால் இத்துணைக் கேடில்லை. தாங்கியையும் காபரேற்றரையும் வடித்து, கரிபிடித்த பிளக்கைத் துடைத்தால் போதும்.

வடித்த கலவையே பெரிதும் அஞ்சத்தக்கது. குப்பி விளக்கிலோ மண்ணெண்ணெய் அடுப்பிலோ அதை ஒருபோதும் ஊற்றலாகாது. பெற்றோல் ஆவி சட்டெனப் பற்றி உயிரையே பறிக்கக்கூடும். கிணற்றருகே கொட்டினால் குடிநீர் கெடும். மூடியுள்ள தகரக் கலனில் அடைத்து, அடையாளமிட்டு, வாகனத் திருத்தகத்தில் ஒப்படைப்பதே முறை. டீசற் கலனுக்கு இன்றே ஒரு வெள்ளைப் பட்டை தீட்டிவைக்கலாம்.