செவி பழகாமல் நா பழகாது

இந்நாட்டில் இரண்டாம் மொழிக் கல்வி பற்றி விவாதிக்கப்படும்போதெல்லாம் ஆசிரியர் பற்றாக்குறை, பாடநூல், பரீட்சைப் பெறுபேறு என்பனவே முன்வைக்கப்படுகின்றன. மாணவனின் செவி அந்த மொழியை எவ்வாறு கேட்கின்றது என்ற கேள்வி எழுப்பப்படுவது அரிது. பிறமொழியைப் பிழையாக உச்சரிப்பவனுக்கு நா திருந்தவில்லை என்றே நாம் தீர்ப்பளித்து விடுகின்றோம். ஆனால் உச்சரிப்புப் பிழைகளிற் பெரும்பாலானவை நாவிலன்றிச் செவியிலேயே தொடங்குகின்றன என்பது மொழியியலாளர் நெடுங்காலமாக வலியுறுத்திவரும் உண்மையாகும்.

வன்னிப் பெருநிலப்பரப்பில் இவ்வுண்மைக்குத் தனியான முக்கியத்துவம் உண்டு. 1990 இல் மூடப்பட்ட ஏ-9 வீதி 2002 இல் திறக்கப்பட்டு, 2006 ஆகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது. அக்காலத்திற் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பிறந்து வளர்ந்த ஒரு தலைமுறைக்குச் சிங்களத்தை அன்றாட வாழ்வில் நேரிற் கேட்கும் வாய்ப்பு அநேகமாக இருக்கவில்லை. 2009 இல் யுத்தம் முடிந்ததும் பொலிஸ் நிலையத்திலும் திணைக்களங்களிலும் சோதனைச் சாவடிகளிலும் அதே மொழி திடீரென எதிர்ப்பட்டது. மறுபுறத்தில், 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களின் பிள்ளைகள் பலர் புத்தளம் மாவட்டத்தில், சிங்களமும் புழங்கும் சூழலில் வளர்ந்தனர். தண்ணீரூற்றுக்கும் நீராவிப்பிட்டிக்கும் மீண்டு வந்தோரிடையே சிங்களம் பழகிய செவியும் உடன் வந்தது. ஒரே மாவட்டத்து மக்களின் செவிகள் இவ்வாறு இரு வேறு பயிற்சிகளைப் பெற்றன.

செவிக்கு அப்படி என்ன பயிற்சி வேண்டும் என்று வாசகர்கள் கேட்கலாம். ‘பம்பரம்’ என்ற சொல்லை ஒருமுறை உச்சரித்துப் பாருங்கள். முதலில் வரும் பகரமும் மகரத்தின் பின் வரும் பகரமும் ஒரே ஒலி அல்ல. முன்னையது அதிர்வின்றிப் பிறக்கின்றது; பின்னையது பிறக்கும்போது தொண்டை அதிர்கின்றது. எனினும் தமிழர் செவிக்கு இரண்டும் ஒரே எழுத்துத்தான். எந்த இடத்தில் எந்த ஒலி வரும் என்பதைத் தமிழில் அயலெழுத்தே தீர்மானித்து விடுவதால், அவ்வேறுபாட்டைக் கவனிக்க வேண்டிய தேவை எமக்கு ஏற்படுவதில்லை. சிங்களத்திலோ அவை இரு வேறு எழுத்துகள். சொல்லின் பொருளையே மாற்றுபவை. அதிர்வில்லாப் பகரத்துடன் ‘பார’ என்றால் வீதி. அதிரும் பகரத்துடன் ‘பார’ என்றால் பொறுப்பு அல்லது காவல். இவ்விரண்டையும் வேறுபடுத்தி எழுதிக்காட்ட இந்தப் பத்தியிற்கூட எம்மிடம் எழுத்தில்லை என்பதே சிக்கலின் ஆழத்தைக் காட்டுகின்றது. பொலிஸ் நிலையத்தில் வாக்குமூலம் அளிக்கும் ஒருவருக்கு வீதிக்கும் காவலுக்கும் இடையிலான தூரம் சிறியதன்று.

ககரத்தின் கதையும் இதுவே. அதிரும் ககரத்துடன் ‘கல்’ என்பது சிங்களத்திலும் கற்களையே குறிக்கும். அதிராத ககரத்துடன் அது காலத்தைக் குறிக்கும். ‘கந்த’ என்ற சொல்லில் நகரம் முழுமையாக ஒலித்தால் மலை. அரைகுறையாக ஒலித்து அடுத்த எழுத்துடன் ஒட்டிக்கொண்டால் மரத்தின் அடி. அந்த அரை நகரம் தமிழிற் கிடையாது. ஆகவே புதிதாகக் கற்பவர் இரண்டையும் ஒன்றெனவே கேட்கின்றார். ரஷ்ய மொழியியலாளர் துருபெத்ஸ்கோய், அவரது மறைவின் பின் 1939 இல் வெளியான நூலில், தாய்மொழியின் ஒலியமைப்பை ஒரு சல்லடைக்கு ஒப்பிட்டார். பிறமொழி ஒலிகள் யாவும் அச்சல்லடையினூடாகவே எமக்குள் வருகின்றன. சொற்களைப் பிரித்தறிவதிலும் இதே தடை உண்டு. எழுத்தில் உள்ள இடைவெளி பேச்சில் இல்லை; எங்கே ஒரு சொல் முடிகின்றது எனத் தெரியாதவருக்கு எந்த அந்நிய மொழியும் அதிவேகமாகப் பேசப்படுவது போலவே தோன்றும்.

இச்சல்லடை பிறவியிலேயே வருவதன்று. கனடாவைச் சேர்ந்த ஜனட் வேர்க்கர், ரிச்சட் டீஸ் ஆகிய ஆய்வாளர்கள் 1984 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், ஆங்கிலம் பேசும் குடும்பத்துக் குழந்தைகளுக்கு ஹிந்தி மொழியின் தகர, டகர ஒலிகளைக் கேட்கச் செய்தனர். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் அவற்றை நன்கு வேறுபடுத்தினர். பத்து முதல் பன்னிரண்டு மாதங்களில் அத்திறன் பெரிதும் குன்றியிருந்தது. தாய்மொழிக்கு வேண்டாத வேறுபாடுகளைச் செவி முதலாம் பிறந்தநாளுக்கு முன்னரே புறக்கணிக்கத் தொடங்கி விடுகின்றது.

சிங்களவர் செவிக்கும் இவ்வாறான சல்லடை உண்டு என்பதை நாம் மறந்துவிடலாகாது. சிங்கள எழுத்தில் லகர ளகர வேறுபாடும் னகர ணகர வேறுபாடும் இன்றும் பேணப்பட்டாலும், பேச்சில் அவை ஒன்றாகிவிட்டன. எனவே தமிழ் கற்கும் சிங்கள உத்தியோகத்தருக்குக் குளமும் குலமும் ஒன்று. பள்ளியும் பல்லியும் ஒன்று. புளியங்குளம், கனகராயன்குளம், செட்டிகுளம் எனக் குளங்களாற் பெயர்பெற்ற வன்னி மண்ணில் அவர் நாள்தோறும் இடர்ப்படுவார். அதனை அலட்சியம் என்று கருதுவது பொருந்தாது. எமது ஈழத்துப் பேச்சிலும் வாழைக்கும் வாளைக்கும் வேறுபாடு பெரும்பாலும் ஒலிப்பதில்லையே!

செவிப் பயிற்சி எமது இரு சமூகங்களுக்கும் புதியதன்று. தொல்காப்பியம் எழுத்ததிகாரத்திற் பிறப்பியல் என ஓர் இயலையே ஒலிகளின் பிறப்பிடத்துக்கு ஒதுக்கியுள்ளது. அரபு எழுத்துகளின் பிறப்பிடங்களைக் கற்பிக்கும் தஜ்வீத் கலையைக் குர்ஆன் மத்ரஸாக்களிற் சிறுவர்கள் இன்றும் பயில்கின்றனர். இதயத்தைக் குறிக்கும் ‘கல்ப்’ அடிநாவிலும், நாயைக் குறிக்கும் ‘கல்ப்’ அதற்குச் சற்று முன்னாகவும் பிறக்கின்றன. தமிழ்ச் செவிக்கு ஒன்றாகவே ஒலிக்கும் இவ்விரண்டையும் தமிழ் பேசும் சிறுவன் வேறுபடுத்தக் கற்றுவிடுகின்றான். உஸ்தாத் ஓதுகின்றார், சிறுவன் கேட்டு மீள ஓதுகின்றான், பிழை அங்கேயே திருத்தப்படுகின்றது. அரபுக்குச் சாத்தியமானது சிங்களத்துக்கு ஏன் சாத்தியமாகாது?

வளர்ந்தோரின் செவியையும் பழக்கலாம் என்பதற்கு ஆய்வுச் சான்றுகள் உள்ளன. ஆங்கிலத்தின் ரகர லகரங்களை வேறுபடுத்த இயலாத ஜப்பானியருக்கு, பலரது குரல்களில் பதிவுசெய்த சொற்களைக் கேட்கச் செய்து பயிற்சியளித்த ஆய்வு 1991 இல் வெளியானது. அவர்கள் முன்னேறினர். 1997 இல் வெளியான தொடர் ஆய்வொன்று, கேட்டற் பயிற்சி மட்டுமே பெற்றவர்களின் உச்சரிப்பும் திருந்தியதைக் காட்டியது. செவி திருந்த, நாவும் தொடர்ந்தது. பற்றீசியா கூல் குழுவினர் 2003 இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகள் நேரிற் பேசிய சீனரிடமிருந்து சீன ஒலிகளைக் கற்றனர். அதே பேச்சைத் தொலைக்காட்சியிற் பார்த்த குழந்தைகள் கற்கவில்லை. மொழிக்கு மனித முகம் வேண்டும்.

இவ்விடயத்தை வெறும் கல்விப் பிரச்சினையாகக் கருதிவிட முடியாது. 1983 ஜூலை வன்செயல்களின்போது பஸ்களை மறித்த காடையர், பயணிகளை ‘பால்தி’ என்ற பொருள்பட வாளிக்கான ‘பால்திய’ என்னும் சிங்களச் சொல்லை உச்சரிக்கச் செய்தனர். முதலெழுத்தின் அதிர்வு பிழைத்தவர்கள் தமிழரென அடையாளங்காணப்பட்டுத் தாக்கப்பட்டனர், கொல்லப்பட்டனர். அச்சொல்லோ போர்த்துக்கேயர் விட்டுச்சென்றது. சல்லடையின் இயல்பை அறியாத சமூகம், உச்சரிப்புப் பிழையைக் குற்றமாக்கும். ஈற்றில் அதனையே மரண தண்டனையாகவும் ஆக்கும். இதனை நாம் இரத்தத்தாற் கற்றிருக்கின்றோம்.

2007 ஜூலை 1 இன் பின்னர் அரச சேவையில் இணைவோர் மற்றைய அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டுமென அவ்வாண்டின் நிருவாகச் சுற்றறிக்கை விதித்தது. அதன் நோக்கம் நன்று. எனினும் எழுத்துப் பரீட்சையிற் பெறும் புள்ளி, வைத்தியசாலை வாயிலில் நிற்கும் தாயின் சொல்லைச் செவியிற் சேர்த்துவிடாது. வன்னிப் பாடசாலைகளில் சிங்களப் பாடமும், வன்னியிற் பணியாற்றும் சிங்கள உத்தியோகத்தர்களின் தமிழ் வகுப்பும் எழுத்துக்கு முன்னர் செவியிலிருந்து தொடங்க வேண்டும். ஓரொலியால் வேறுபடும் சொற்களை ஆண், பெண், முதியோர், சிறுவர் எனப் பல குரல்களிற் கேட்கச் செய்ய வேண்டும். வவுனியா தெற்கின் சிங்களப் பாடசாலைகளும் அயலிலுள்ள தமிழ், முஸ்லிம் பாடசாலைகளும் மாணவர்களை மாதத்தில் ஒருநாளேனும் ஒன்றாக அமர்த்தலாம். இரு மொழியும் பழகிய செவியுடன் மீண்டு வந்த முஸ்லிம் இளைஞர்களை இப்பணியில் துணையாகக் கொள்ளலாம். பரீட்சைகளிற் கேட்டலுக்கும் உரிய புள்ளிகள் ஒதுக்கப்படல் வேண்டும்.

இவை பெரும் நிதியை வேண்டிநிற்பவை அல்ல. பிழையாக உச்சரிப்பவனைக் கண்டு நகைப்பதை நிறுத்தி, அவன் செவியில் என்ன விழுந்தது என்று கேட்கும் பொறுமையே முதலில் வேண்டப்படுகின்றது. அப்பொறுமை இரு தரப்பிலும் வளர்வதற்கு வகுப்பறையைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.